நங்கூரம் போடுவது யார்?

2019ஆம் ஆண்டு யூன் மாதம். ஒரு சனிக்கிழமை பின்னேரம். எங்கள் ஊர்ப் பங்கு மண்டபத்தில் தமிழ்க் கத்தோலிக்கரின் திருவிழாக் கொமிற்றி கூடியிருந்தது. மருதமடு அன்னையின் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. பதினேழு பேர் வந்திருந்தோம். தேத்தண்ணி, பற்றிஸ், றோல்ஸ் எல்லாம் வந்தது. இரண்டரை மணித்தியாலம் கதைத்தோம். எதைப் பற்றி என்று கேட்கிறீர்களா? சுருவக் கூட்டை முன்பக்கம் பிடிப்பது யார், குடை பிடிப்பது யார், கொடியேற்றும் அன்று எந்த ஊராரின் பெயரை முதலில் வாசிப்பது, போன வருடம் மைக் செற்காரருக்குக் கொடுத்த காசு கூடவா குறையவா... இவற்றைத்தான்.

எல்லாம் முடிந்து எழும்புகிற நேரத்தில் செயலாளர் ஒரு கடிதத்தை எடுத்தார். ஜேர்மன் பங்குச் சபை எங்களுக்கு எழுதியது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பங்கு வீட்டின் மேல்மாடியில் அடைக்கலம் கொடுத்திருக்கிறார்கள். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். அவர்கள் வாசற்படியைத் தாண்டி வெளியே போக முடியாது. சாமான் வாங்கிக் கொடுக்க, பிள்ளைகளோடு இருக்க, இரவில் கட்டடத்தில் தங்க ஆட்கள் தேவை. தமிழ்ச் சமூகத்திலிருந்து யாராவது முன்வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒருவர் சொன்னார்: "ஏப்ரலிலைதானே எங்கடை கோயில்களிலை குண்டு வைச்சவங்கள். இப்ப உவங்களுக்கு நாங்கள் காவல் இருக்கவோ?"

இன்னொருவர் சொன்னார்: "எங்கடை சனத்துக்குச் செய்யவே ஆளில்லை. அதோடை உது சாமி முடிவெடுக்க வேண்டிய விசயம். சாமி வரட்டும், கேப்பம்."

கடிதம் கோவைக்குள் போனது. எழும்பி நின்று செபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தோம். நானும் அந்தப் பதினேழு பேரில் ஒருவன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே இதை மற்றவர்களைக் குற்றம் சொல்ல நான் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு நானே சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பழைய செங்கல் வீடு இருக்கிறது. இப்போது அதில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். 1985இல் அங்கே ஒரு ஜேர்மன் அம்மா இருந்தா. அன்று அந்த வீட்டைக் கடந்தபோது என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் 1985க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் என்னைப் போன்ற பல நூறு இளைஞர்கள் வந்த அதே பாதையால்தான் நானும் வந்தேன். கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பேர்லின், அங்கிருந்து றெயிலில் மேற்கு பேர்லின். கையில் ஒரு பை, கழுத்தில் அம்மா போட்டுவிட்ட செபமாலை. பிறகு அகதி முகாம். அதன்பிறகு வடக்கு றைன் பகுதியில் இந்தச் சிறிய ஊர். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கும் கடிதம் வேண்டும். நாலு பேருக்கு ஒரு அறை. குளிர், தனிமை, ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு மரணச் செய்தி.

ஒரு நாள் அந்த அம்மா முகாமுக்கு வந்தா. அறுபதை நெருங்கிய விதவை. ஒரு பழைய சைக்கிள், அதன் கூடைக்குள் பாடப் புத்தகங்கள். செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு மொழி படிப்பித்தா. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எங்களோடு வந்து வரிசையில் நின்றா. அங்கே அதிகாரி சத்தம் போட்டால் இவவும் சத்தம் போடுவா! எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் இப்படியான வேலைகளைச் சாமியார் சொன்னால்தான் யாரும் செய்வார்கள். ஒருநாள் அரைகுறை ஜேர்மனில் கேட்டேன்: "உங்களைப் பங்குத்தந்தையா அனுப்பினவர்?" அவ சிரித்தா. "அவருக்கு எத்தனையோ வேலை. நான் ஞானஸ்நானம் பெற்றவள். அது காணாதா?" என்றா.

பல வருடம் கழித்துத்தான் அவவின் கதை தெரிந்தது. அவவும் அகதிதான். போர் முடிந்தபோது சிலேசியாவிலிருந்து விரட்டப்பட்ட இலட்சக்கணக்கான ஜேர்மனியரில் ஒருத்தி. தாயோடு நடந்து வந்து இந்த ஊரில் ஒரு கமக்காரரின் மாட்டுத் தொழுவத்தின் மேல் இரண்டு வருடம் இருந்தவ. அந்தக் காலத்தில் உள்ளூர்ச் சனம் இவர்களையும் விருப்பத்தோடு வரவேற்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் தினமும் ஒரு போத்தல் பால் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாராம். அது யார் என்று அவவுக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் நாங்கள் பாடமாக்கியது விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று. இன்று அதே மூன்றையும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறோம். கவனித்தீர்களா? அன்று "நம்பிக்கை" என்று சொன்னது வேறு, இன்று "நம்பிக்கை" என்று சொல்வது வேறு. என் வயதுக்காரர்கள் பலர் இன்றும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எனக்கு இந்தப் புதிய சொல் பிடிக்கும். எதிர்நோக்கு என்றால் எதிரே நோக்குவது. வருகிறதை முகம் கொடுத்துப் பார்ப்பது. புயலாக இருந்தாலும் முதுகைக் காட்டாமல் நிற்பது.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் இந்த எதிர்நோக்கு ஒரு நங்கூரத்துக்கு ஒப்பிடப்படுகிறது. நான் கடற்கரைப் பிள்ளை. அப்பா யாழ்ப்பாணக் கடலில் தொழில் செய்தவர். நங்கூரம் எனக்குப் படத்தில் பார்த்த பொருள் அல்ல. அப்பாவோடு வள்ளத்தில் போய் வந்ததில் மூன்று விசயம் தெரியும். முதலாவது, நங்கூரம் காற்றை நிற்பாட்டாது. வாடைக்காற்று அடிக்கத்தான் செய்யும், வள்ளம் ஆடத்தான் செய்யும். இரண்டாவது, பிடித்துக்கொண்டிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவதுதான் முக்கியம். நங்கூரம் தானாகத் தண்ணீருக்குள் போகாது. யாராவது எழும்பி அதைத் தூக்கிப் போட வேண்டும். கை வழுக்கும், கயிறு உள்ளங்கையை அறுக்கும், ஆனாலும் போட வேண்டும்.

"எல்லாம் ஒருநாள் சரிவரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பது எதிர்நோக்கு அல்ல. அது வெறும் ஆறுதல். 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றேர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 1999 நவம்பர் 20இல் மடுத் தேவாலய வளவுக்குள் எறிகணை விழுந்து நாற்பது பேர் வரை இறந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. இவ்வளவுக்கும் பிறகு "எல்லாம் சரிவரும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் இவ்வளவுக்கும் பிறகு அடுத்த நாள் எழும்பி, இரத்தம் தோய்ந்த நிலத்தைக் கழுவி, காயப்பட்டவர்களுக்குச் சமைத்துக் கொண்டுபோனவர்களைப் பார்த்தால் எதிர்நோக்கு என்றால் என்ன என்று விளங்கும். அது மனதுக்குள் இருக்கிற உணர்ச்சி அல்ல. முறை வைத்துச் செய்கிற வேலை. அந்த வேலையைக் காலம் காலமாகப் பெரும்பாலும் செய்து வந்தவர்கள் சாமிமார் அல்ல, சாதாரண சனம்.

எங்கள் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். பூசை தடைசெய்யப்பட்டது. குருமாருக்கு இடம் கொடுத்தால் தண்டனை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து இறங்கும்வரை 29 வருடம். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாராம், அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பதற்காக. அப்படித்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலைக் கிராமம் அவரை ஒளித்து வைத்தது.

நாங்கள் வாஸ் அடிகளாரைக் கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே நாளில் மடுவுக்கும் போனார். ஆனால் எனக்கு ஒரு கேள்வி எப்போதும் இருக்கிறது. அந்த 29 வருடமும் யார் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்? யார் செத்தவர்களின் தலைமாட்டில் நின்று செபம் சொன்னார்கள்? செபமாலையைக் கண்டதும் முகம் மலர வேண்டும் என்பதை ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தாய்மாரும் தகப்பன்மாரும் ஊர்ப் பெரியவர்களும்தான். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் சுற்றிவளைத்தபோது வாஸ் தப்பிவிட்டார். பிடிபட்டவர்கள் செபத்துக்குக் கூடியிருந்த சனங்கள். சிறைக்குப் போனவர்களும் அவர்களே.

வாஸ் அடிகளாருக்கு இது நன்றாக விளங்கியிருக்கிறது. கண்டியில் சிறைப்பட்டார், அம்மை நோயாளிகளைப் பராமரித்தார், தீவு முழுக்க நடந்தார். 1711இல் கண்டியில் இறந்தார். அவர் போன இடமெல்லாம் விட்டுப்போனது கட்டடங்களை அல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஒரு மூப்பரையும் ஒரு அண்ணாவியாரையும் விட்டுப்போனார். சாமி வராத மாதங்களில் செபத்தை நடத்துவது, பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது, சாகக் கிடப்பவரிடம் போவது, ஏழைகளைப் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மடுவின் கதையும் அப்படித்தான். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து அன்னையின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர்கள் இருபது குடும்பங்கள் என்று மரபு சொல்கிறது. எங்கள் மிகப் பெரிய யாத்திரைத் தலத்தைத் தொடக்கி வைத்தவர்களே அகதிகள்!

என் அப்பாவின் தகப்பனும் எங்கள் ஊரில் மூப்பராக இருந்தவர். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு மாரி இரவு. கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. சாமியார் வேறு ஊரில். அப்பையா லாம்பை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. திண்ணையில் இருந்து செபமாலையைத் தொடங்கினார். விடியுமட்டும் இருந்தார். விடிந்ததும் வள்ளங்களை அனுப்பித் தேட ஒழுங்கு செய்தார். மூன்றாம் நாள் அந்த வீட்டுக்கு அரிசி போனது. மூப்பர் என்றால் எனக்கு அதுதான் படம். குடை பிடிக்கிறவர் அல்ல.

இது எங்கள் ஊர்ப் பெருமை மட்டுமல்ல. யப்பானில் இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு குருவும் இல்லாமல் கத்தோலிக்கர் ஒளிந்து வாழ்ந்தார்கள். ஊருக்கு ஒருவர் திருநாட்களின் கணக்கை வைத்திருந்தார், ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்தார். 1865 மார்ச் 17இல் நாகசாக்கியில் புதிதாகக் கட்டிய கோயிலுக்குள் ஒரு சிறு கூட்டம் வந்து அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் தாங்களும் அதே மனம் உடையவர்கள் என்று மெதுவாகச் சொன்னபோது அவர் திகைத்துப் போனார். ஏழு தலைமுறை கயிற்றை விடாமல் பிடித்திருந்தவர்கள் கமக்காரரும் மீனவரும்.

நான் வாழும் இந்த நாட்டுக்குப் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். ஒஸ்ரியாவின் சென் றாடெகுண்ட் என்ற சிறு கிராமத்தில் பிரான்ஸ் யேகர்ஸ்ரேற்றர் என்ற கமக்காரர். ஊர்க் கோயிலைப் பார்த்துப் பராமரிப்பதும் அவர்தான். ஹிட்லரின் போர் அநீதியானது, அதில் ஆயுதம் தூக்கமாட்டேன் என்றார். தெரிந்த குருமார் குடும்பத்தை யோசி என்றார்கள். தன் ஆயரிடமும் போய்க் கேட்டார். அங்கேயும் கிடைத்தது அதே புத்திதான். 1943 ஓகஸ்ட் 9இல் பிறாண்டன்பேர்க்கில் அவருடைய தலையை வெட்டினார்கள். திருச்சபையில் யாரும் அனுப்பாமலேயே, யாரும் துணை நிற்காமலேயே ஒரு பொதுநிலையினர் திருச்சபையின் மானத்தைக் காத்தார்.

ஆனால் எனக்கு அவரைவிட அவருடைய மனைவி பிரான்சிஸ்காவை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கும். கணவன் போன பிறகு கோயில் வேலையை அவ எடுத்துச் செய்தா. தோட்டத்தையும் பார்த்து மூன்று பெண் பிள்ளைகளையும் வளர்த்தா. ஊர் அவவைக் குறை சொன்னது. போர் விதவைகளுக்கான உதவிப்பணம் பல வருடம் மறுக்கப்பட்டது. 2007 ஒக்ரோபரில் லின்ஸ் நகரில் கணவன் அருளாளராக உயர்த்தப்பட்டபோது அவவுக்கு 94 வயது. 64 வருடம்! எதிர்நோக்கு என்பது எவ்வளவு நீளமான கயிறு என்று பாருங்கள்.

ஆக, வரலாறு எங்கள் பக்கம் இருக்கிறது. ஏடுகளும் எங்கள் பக்கம் இருக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலும் 1965இலும் தந்த ஏடுகளில் பொதுநிலையினரின் அழைப்பு ஞானஸ்நானத்திலிருந்தே வருகிறது, குருமார் இரங்கிக் கொடுப்பது அல்ல என்று தெளிவாக இருக்கிறது. அந்த ஜேர்மன் அம்மா ஒரு வரியில் எனக்குச் சொன்னது இதைத்தான். 2021 மேயில் பாப்பரசர் பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான பொதுநிலைப் பணியாக நிறுவினார். 2023 ஒக்ரோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பொதுநிலையினரும் வாக்களித்தார்கள். அவர்களில் 54 பெண்கள் வாக்குரிமையோடு இருந்தார்கள்.

பொதுநிலையினர் வாய் மூடியிருந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்த நாட்டில் கண்டோம். ஜேர்மன் ஆயர்கள் செய்வித்த ஆய்வு 2018 செப்ரெம்பரில் வந்தது. 1946 முதல் 2014 வரையான கோவைகளில் 3,677 பிள்ளைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகப் பதிவாகியிருந்தது. குற்றம் சாட்டப்பட்ட குருமாரும் துறவியரும் 1,670 பேர். 2022இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகினார்கள். "சாமி சொன்னால் சரி" என்ற பழக்கம் பக்தி அல்ல. அது சாமிக்கும் நல்லதல்ல, சனத்துக்கும் நல்லதல்ல. கேள்வி கேட்காத சபையில் முதலில் அடிபடுவது பிள்ளைகள்.

சரி, 2019க்குத் திரும்புவோம்.

கோயில் அடைக்கலம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983இல் பேர்லினில் ஒரு புரட்டஸ்தாந்து சபை, போர் நடந்த லெபனானுக்குத் திருப்பி அனுப்பப்படவிருந்த பாலஸ்தீனக் குடும்பங்களைக் கோயிலுக்குள் எடுத்தது. அதிலிருந்து தொடங்கியது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு உரிமை இல்லை. ஆனால் பெரும்பாலும் அதிகாரிகள் கோயிலுக்குள் புகுவதில்லை. 2019இல் பெரும்பாலான வழக்குகள் டப்ளின் ஒப்பந்தத்தோடு சம்பந்தப்பட்டவையாக இருந்தன. ஐரோப்பாவில் முதலில் கைரேகை பதிந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் ஜேர்மனியே வழக்கை விசாரிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சில வழக்குகளில் இதைப் பதினெட்டு மாதமாக நீட்டவும் பார்த்தார்கள். அந்த மாதங்கள் முழுவதும் அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாடு, மருந்து, துணி, பிள்ளைகளுக்குப் பாடம் எல்லாம் உள்ளே போக வேண்டும். இதைச் செய்வது யார்? எங்கள் பங்குத்தந்தைக்கு ஐந்து கோயில்கள். முடிவில் அவருடைய கையொப்பமும் இருந்தது, உண்மை. ஆனால் சுமந்தது சபையார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, தாதி ஒருத்தி, தபால்காரர் ஒருவர்...

குண்டு வைத்தவர்களின் மதம்தானே இவர்களுக்கும் என்று எங்கள் கூட்டத்தில் கேட்டவரை நான் வெறுக்கவில்லை. அவருடைய தங்கச்சி குடும்பம் நீர்கொழும்பில். அந்த வேதனை நியாயமானது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். இந்த நாட்டில் எங்களையும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தார்கள். தமிழன் என்றால் போதைப் பொருள், தமிழன் என்றால் பயங்கரவாதி என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அந்த அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரரே அவவிடம் சொன்னாராம், இவர்களை வீட்டுக்குள் எடுக்காதே என்று. அவ அதைக் கேட்டிருந்தால் நான் இன்று எங்கே? இந்தப் பிள்ளைகள் கட்டுவாப்பிட்டியில் குண்டு வைக்கவில்லை. அவர்களும் குண்டிலிருந்து ஓடிவந்தவர்கள்.

மூன்று கிழமை கழித்துத்தான் நான் போனேன். வியாழக்கிழமை சாமான் வாங்கும் முறை எனக்கு. முதல்நாள் கதவைத் திறந்த சின்னப் பெடியன் என் நிறத்தைப் பார்த்துவிட்டு, நானும் அடைக்கலம் கேட்டு வந்தவன் என்று நினைத்துத் தங்கள் அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறதா என்று தாயிடம் கேட்டான். தாய் வெட்கப்பட்டா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஐந்து பேர் இருக்கிற ஒரு அறையில் ஆறாவது ஆளுக்கு இடம் தேடுகிற பிள்ளை அது!

பின்னர் சனிக்கிழமை இரவுகளும் தங்கினேன். எங்கள் கொமிற்றியிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு தமிழ்ப் பெண் பிள்ளைகள் வந்தார்கள். தமிழில் ஒரு செபம் முழுதாகச் சொல்லத் தெரியாது என்று பெரியவர்கள் குறை சொல்கிற பிள்ளைகள். அவர்கள் அந்தச் சிறுவர்களுக்குக் கணக்குப் படிப்பித்தார்கள். 2020 தொடக்கத்தில் கெடு முடிந்து வழக்கு இந்த நாட்டுக்கு வந்தது. குடும்பம் வேறு ஊருக்கு மாறிப் போகும் அன்று தகப்பன் என்னிடம் கேட்டார்: "உங்கள் மதகுருவா உங்களை அனுப்பினவர்?" அந்த அம்மா சொன்ன பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. முதல் மூன்று கிழமை நான் வராமல் இருந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? 2025 யூபிலி ஆண்டுக்காக "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று பெரிய பதாகை ஒன்றை எங்கள் மண்டபத்தில் கட்டியிருந்தோம். ஆண்டு முடிந்ததும் அதைக் கழற்றிச் சுருட்டி, கொடிச்சேலையும் குடையும் வைக்கிற அலுமாரிக்குள் வைத்தேன். அலுமாரியைப் பூட்டும்போது மனதில் ஒரு கேள்வி. இந்த எதிர்நோக்கும் அடுத்த திருவிழாவரைக்கும் உள்ளேதான் இருக்கப் போகிறதா?

திருவிழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடியேற்றம், கூடு, கஞ்சி எல்லாம் வேண்டும். அவை இல்லாமல் போனால் அந்நிய மண்ணில் எங்கள் பிள்ளைகள் எங்களை எதைக்கொண்டு அடையாளம் காண்பார்கள்? ஆனால் பொதுநிலையினர் தலைமை என்றால் திருவிழாவுக்குத் தலைமை தாங்குவது என்று சுருக்கிவிட்டோமே, அதுதான் கவலை. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் புனிதரான தேவசகாயம் பிள்ளையின் படத்தை மாலை போட்டு வைத்திருக்கிறோம். அவர் குருவும் அல்ல துறவியும் அல்ல, மனைவியோடு வாழ்ந்த ஒரு குடும்பஸ்தர் என்பதை எத்தனை பேர் யோசித்தோம்?

என் அறிவுக்கு எட்டிய சில காரியங்களைச் சொல்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரைமணி நேரம் "இந்த மாதம் எங்கள் ஊரில் யாருக்குக் கஷ்டம்?" என்ற கேள்விக்கு ஒதுக்குவோம். குடை, கூடு எல்லாம் அதற்குப் பிறகு. எங்களோடு வந்தவர்கள் முதியோர் இல்லங்களில் இருக்கத் தொடங்கிவிட்டார்கள். ஞாபகம் மங்கும்போது படித்த ஜேர்மன் மொழிதான் முதலில் மறக்கிறது, தமிழ்தான் கடைசிவரை நிற்கிறது. அவர்களோடு தமிழில் பேச அங்கே யாரும் இல்லை. கிழமைக்கு ஒருவர் முறைவைத்துப் போகலாம். குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இறைவார்த்தை வழிபாட்டை நடத்த ஜேர்மன் மறைமாவட்டங்கள் பொதுநிலையினருக்குப் பயிற்சி கொடுக்கின்றன. எங்களில் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், போய்ப் படிக்கட்டும். கணக்குப் படிப்பித்த அந்தப் பிள்ளைகளைக் கொமிற்றிக்குள் எடுங்கள். தேத்தண்ணி ஊற்ற அல்ல, முடிவெடுக்க. அடுத்த முறை அப்படி ஒரு கடிதம் வந்தால் கோவைக்குள் போட முதல் யாராவது ஒருவர் கை உயர்த்துங்கள். ஒருவர் உயர்த்தினால் இரண்டாவது கை தானாக உயரும். அன்று நான் உயர்த்தியிருந்தால் ஒருவேளை பதினேழில் ஐந்து பேராவது வந்திருப்பார்கள். அந்தக் கணக்கு இன்னும் என் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உலகம் இன்று ஆடிக்கொண்டிருக்கிற ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். உக்ரைன், காசா, சூடான், மியன்மார்... எங்கள் சொந்த மண்ணில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 தொடக்கம் வீதியில் இருக்கத் தொடங்கிய தாய்மார், பதில் காணாமலே அவர்களில் பலர் கண்மூடிவிட்டார்கள். அந்தத் தாய்மாரில் பலர் சைவர்கள், சிலர் கத்தோலிக்கர். எதிர்நோக்கை யாரும் அவர்களுக்கு வகுப்பு வைத்துப் படிப்பிக்கவில்லை. நாளைக்கும் வந்து இருப்பது என்று முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான்.

காற்று எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. காற்று எழும்பினால் வள்ளத்தில் யார் முன்னுக்கு இருக்கிறானோ அவன் நங்கூரத்தைப் போட வேண்டும் என்பதுதான் அவர் சொல்லித் தந்தது. சம்மாட்டி சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

அன்று அந்தக் கூட்டத்தில் கடிதத்துக்குக் கிட்டவாக இருந்தவன் நான். உங்கள் ஊரில் கிட்டவாக இருக்கிறவர் நீங்களாகவும் இருக்கலாம்.